காலமானவரைத் தேடிக் கல்வராயன் மலைக்கு

மாயவன் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு தட்டச்சுத் தாள். சென்னையில் நாங்கள் அறுவை சிகிச்சை மேற்படிப்புப் படித்த துறைக்கு விழா எடுக்கிறார்கள். அதற்கு ஒரு மலர். பழைய மாணவர்கள் இன்று எங்கே, என்னவாக இருக்கிறார்கள் என்ற பட்டியல்தான் மலரில் முக்கியமாம். ஈப்போவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என்னிடம் பேராசிரியர் அந்தத் தாளை நீட்டினார். எங்கள் ஆண்டில் ஏழு பேர். இருவர் அமெரிக்கா. ஒருவர் லண்டன், ஒருவர் குவைத். ஒருவர் சென்னையிலேயே சொந்த மருத்துவமனை. நான் மலேசியா. ஏழாவது பெயருக்கு நேரே ‘காலமானார்’ என்றிருந்தது.

“மாயவனா? எப்ப சார்? எப்படி?”

“தெரியலைம்மா. ரெண்டு வருஷம் முன்னால எல்லாருக்கும் படிவம் அனுப்பினோம். அவனோடது மட்டும் காலமானார்னு எழுதித் திரும்பி வந்துடுச்சு. கள்ளக்குறிச்சிப் பக்கம்தான் ஊரு. யாராவது போய்க் குடும்பத்தைப் பார்த்து ஒரு ஃபோட்டோ வாங்கிட்டு வந்தா நல்லது. யாருக்கு நேரம் இருக்கு?”

எனக்கு நேரம் இருந்தது. அதைவிட, எனக்குக் கடன் இருந்தது. ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் மாயவன். விடுதி ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, என் விரல்கள் சொன்னபடி கேட்கும்வரை நான்கு மாலைகள் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஏழு பேரில் அவன் கைதான் கை. ஆனாலும் மற்றவர்கள் அவனைக் ‘கோட்டா’ என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் சிரித்தேன். அவனும் பக்கத்தில்தான் இருந்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலையை மறித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பேராசிரியர் எச்சரித்தார். ஈப்போக்காரிக்குச் சாலை மறியல் என்றால் என்னவென்று தெரியாது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டிப் பேருந்து நின்றது. முன்னால் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. வெட்டிய இடத்தில் மரம் இன்னும் ஈரமாக இருந்தது. நூறு வருஷத்து மரங்கள் இருக்கும். எங்கள் ஊரில் ஒரு மரம் சாய்ந்தால் நகராட்சி வண்டி வரும், படம் எடுப்பார்கள். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரங்கள் பிணங்களைப்போலக் கிடந்தன. நான் வாயைத் திறந்தபடி படியில் நின்றேன்.

“எறங்கி நடங்கம்மா. இது இன்னிக்கி போவாது” என்றார் நடத்துநர்.

மரத்தடியில், அதாவது விழுந்த மரத்தின் மேல், பத்துப் பன்னிரண்டு பேர் கோடரியோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அவர்களோ என் பெட்டியை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர், முப்பது வயதிருக்கும், தலையில் துண்டு, கேட்டார்.

“எங்கேர்ந்து வர்றீங்க?”

“மலேசியா. நான் டாக்டர். மெட்ராஸ்ல படிச்சேன்.”

“டாக்டரா? என் தம்பி நல்லா மார்க்கு வாங்கினான்ங்க. சீட்டு கெடைக்கல. இப்ப எங்கூட கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருக்கான். இந்தச் சீமையில நாங்க எத்தினி பேரு இருக்கோம், எங்கள்ல டாக்டரு எத்தினி பேருன்னு எண்ணிப் பாருங்க. அதுக்குத்தான் இம்மாம் பாடு.” பிறகு சாதாரணமாகக் கேட்டார். “நீங்க எந்தக் கோட்டாவுல படிச்சீங்க?”

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். அதில்தான் சேர்ந்தேன். என் மதிப்பெண்ணுக்கு வேறு வழியில் அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

“வெளிநாட்டுக் கோட்டா” என்றேன்.

மரத்தின் மேல் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கோபமான சிரிப்பு இல்லை. “பாத்தியாடா, சீமை தாண்டி இருக்கறவங்களுக்குக் கூட எடம் வெச்சிருக்கான்” என்றார் ஒருவர். என் காது மடல் சூடாகிவிட்டது. மூன்று வருஷம் மாயவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், படித்தேன். என்னையும் யாராவது ‘கோட்டா’ என்று கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது அந்தப் புளியமரத்தருகில்தான் எனக்கு உறைத்தது.

மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். ஒரு டிராக்டர்காரர் வயல் வழியாக ஏற்றிக்கொண்டு போனார். வழியில் அவர் வீட்டார் கொடுத்த கேழ்வரகுக் கூழும் பச்சை வெங்காயமும் என் உயிரைப் பிடித்து வைத்தன. ஈப்போவில் இதை வைத்துக்கொடுத்தால் சாப்பிட்டிருக்க மாட்டேன். இரண்டாம் சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். சாயங்காலம் கள்ளக்குறிச்சி வந்து ஒரு விடுதியில் விழுந்தேன்.

மறுநாள் காலை கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்த ஓட்டலில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி ஊற்றினார்கள். பக்கத்து மேசையில் இருவர் பேசியது காதில் விழுந்தது. “பஸ்ஸே இல்ல, பொண்ணு பாக்க எப்படிப் போவ?” “நடந்து போவேன்.” “போயி?” “புடிக்கலன்னா நடந்தே வந்துருவேன்.” மாயவன் ஊரில் சிரிப்புக்குக் குறைவில்லை என்று தோன்றியதும் அவன் நினைவு வந்தது. பூக்கடையில் ரோஜா மாலை ஒன்று வாங்கினேன். வீட்டில் அவன் படம் மாட்டியிருப்பார்கள் அல்லவா?

வீடு வடக்கனந்தல் பக்கம், ஊருக்கு வெளியே இருந்த காலனியில். டாக்டர் மாயவன் வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். ஓட்டு வீடு. வாசலில் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி கரும்பு வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் மாயவனின் மூக்கு. அவனுடைய அக்கா அஞ்சலை. தாய் தகப்பன் போனபிறகு அவனைப் படிக்கவைத்தது இந்த அக்காதான் என்று விடுதியில் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

“வாங்கம்மா. யாரு நீங்க?”

“நான் மாயவனோட படிச்சவ. மலேசியா. விஷயம் இப்பதான் தெரிஞ்சது அக்கா. அவர் படத்துக்குப் போடலாம்னு…” மாலையை நீட்டினேன்.

அவர் மாலையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கத்தி கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது.

“எம்பா மாயவா!” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது. மார்பில் அடித்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்தார். “காலைல நல்லாத்தான போனான்! என்னா பண்ணாங்கன்னு தெரியலியே!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, “எங்கம்மா நடந்துச்சு? மறியல்லயா? மலை ரோட்டுலயா?” என்று உலுக்கினார்.

“என்ன நடந்தது? ரெண்டு வருஷம் ஆச்சே!” என்றேன்.

“இன்னாது, ரெண்டு வருஷமா? இன்னிக்கிக் காலைல ஜீப்புல மலைக்குப் போன ஆளும்மா அது!”

மாயவன் உயிரோடு இருக்கிறான். ஆனால் அந்தச் செய்தியை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளவே முடியவில்லை. காரணம், நான் மாலையோடு வந்து ஒரு பெண்ணின் தம்பியைக் கொன்றுவிட்டேன். பட்டியல், படிவம், பேராசிரியர் என்று நான் விளக்க விளக்க அஞ்சலையக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறியல் நடக்கும் நாட்கள். காலனி ஆட்கள் இரண்டு பேர் முந்தின வாரம் மறியலில் அடி வாங்கியிருந்தார்கள். மலைமேல் தொலைபேசி கிடையாது. எனக்கு ஏதோ தெரியும், சொல்லப் பயந்து கதை கட்டுகிறேன் என்றே நினைத்தார்.

“எங்கண்ணால பாக்கணும்” என்று எழுந்தார். “வாங்க, நீங்களும் வாங்க. அவன் இல்லன்னா நீங்கதான் பதில் சொல்லணும்.”

மாலையை அங்கேயே ஒரு கோயில் வாசலில் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

மலையடிவாரம்வரை ஒரு ஜீப் கிடைத்தது. பதினாறு பேர். என் மடியில் யாருடைய கோழியோ. அடிவாரத்தில் மறுபடியும் மரம். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார். சந்தையிலிருந்து திரும்பிய மலைப்பெண்கள் இரண்டு பேர், தலையில் உப்பு மூட்டையோடு, ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்தோம். அவர்கள் பேசியபடி ஏறினார்கள். நான் பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலைகளை நான் காரிலிருந்து மட்டுமே பார்த்தவள்.

வழியில் இறங்கி வருகிறவர்களையெல்லாம் அக்கா நிறுத்தினார்.

“டாக்டரப் பாத்தீங்களா?”

“நேத்து பாத்தன்.”

“இன்னிக்கி?”

“இன்னிக்கி பாக்கல.”

ஒவ்வொரு ‘பாக்கல’வுக்கும் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் எத்தனையோ மருத்துவக் குழுக்களில் கேள்விக்குப் பதில் சொல்லியது ஒன்றுமில்லை. ஒரு வளைவில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, “ரெண்டு வருஷமா செத்துட்டான்னு நெனச்சிக்கினு இருந்தீங்களா நீங்கல்லாம்?” என்று கேட்டார். சென்னையில் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்றேன். “அப்ப ஏன் யாரும் வரல?”

நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

மதியம் ஒரு மலைவீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அக்கா தொடவில்லை. நான் வெட்கத்தோடு சாப்பிட்டேன். பசி அப்படி. மாயவன் வேலை பார்க்கும் ஊருக்கு வெள்ளிமலையிலிருந்து இன்னும் மேலே போக வேண்டியிருந்தது. சுகாதார நிலையம் என்ற பெயரில் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும். தாழ்வாரத்தில் இருபது முப்பது பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியைப் பார்த்ததும் அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவரை நான்தான் பிடித்துக்கொண்டு உள்கதவைத் தள்ளினேன்.

பள்ளிக்கூட மேசை ஒன்றின் மேல் ஒருவர் படுத்திருந்தார். கூரையில் நான்கு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அந்த வெளிச்சம் நேராக அவர் அடிவயிற்றில் விழுந்தது. முகமூடி கட்டிய ஒருவன் குனிந்திருந்தான். வாசலோரம் அடுப்பில் இட்லிக் குண்டானில் கத்தியும் கிடுக்கிகளும் கொதித்துக்கொண்டிருந்தன.

“டேய் மாயவா! உசுரோடதான் இருக்கியாடா?” என்று அக்கா கத்தினார்.

“அக்கா, வெளிய நில்லு. செருப்பு போட்டிருக்க பாரு” என்றான் அவன் நிமிராமலே. பிறகு அரைக்கண்ணால் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். “லெட்சுமியா? நல்ல நேரத்துல வந்த. கைய கழுவிக்கினு வா. குடல் மாட்டிக்கினு இருக்குது.”

பதினோரு வருஷம் கழித்துப் பார்த்தவனிடம் நலமா என்றுகூடக் கேட்கவில்லை. கையைக் கழுவினேன்.

நோயாளி சின்னான் என்ற மலை விவசாயி. குடலிறக்கம் இறுகி இரண்டு நாள் ஆகியிருந்தது. சாதாரண நாளாக இருந்தால் கீழே அனுப்பியிருப்பான். சாலை இல்லை. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு ஆரம்பித்திருந்தான். ஒரு சாண் நீளம் குடல் கறுத்திருந்தது. அதை வெட்டி இரண்டு முனைகளையும் சேர்க்க வேண்டும். நான் கிடுக்கியைப் பிடித்தேன். என் கை நடுங்கியது. கிடுக்கியின் முனை கண்ணாடி வெளிச்சத்தில் துடிப்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாயவன் என் மணிக்கட்டை ஒரு மடித்த துணியின் மேல் வைத்தான். கூட உதவிய செவிலி ரோசி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவன் தைத்தான். அப்படிப்பட்ட கையை நான் ஈப்போவிலும் பார்த்ததில்லை, மாநாடுகளில் போட்டுக்காட்டும் படங்களிலும் பார்த்ததில்லை. அவசரமில்லை, ஒரு அசைவு வீண் இல்லை. பேராசிரியரின் பட்டியலில் இந்தக் கைக்கு நேரேதான் அந்த ஒரு சொல் எழுதியிருந்தது.

வெளியே வந்ததும் அக்கா அவன் கன்னத்தில் ஒன்று விட்டார். பிறகு அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் ஒன்று விட்டிருக்கலாம். விடவில்லை.

சாயங்காலம் தாழ்வாரத்தில் கருப்பட்டிக் காப்பி குடித்தபடி மாயவன் தன் கதையைச் சொன்னான். குரலில் புகார் இல்லை, அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் ஐந்து வருஷம் சின்னச் சின்ன ஊர்களில் வேலை. பிறகு கடலோரத்து நகரம் ஒன்றின் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே தலைமை அறுவை மருத்துவர் முதல்நாளே சொல்லிவிட்டாராம். தியேட்டரில் ஆள் போதும், நீ பிண அறையைப் பார்த்துக்கொள் என்று.

“நாலு வருஷம், லெட்சுமி. நாலு வருஷம் செத்தவங்களத்தான் அறுத்தேன். தூக்குல தொங்கினவங்க, வெஷம் குடிச்சவங்க, லாரில அடிபட்டவங்க. அறுத்துட்டுத் தைப்பேன். தெனமும் நல்லா தைப்பேன். கை மறந்துடக்கூடாதுன்னு. அங்க வேலை பாத்த ஆளு கேப்பான், ‘இன்னா சார், பொணத்துக்கு இவ்ளோ நெருக்கமா தையல் போட்டுக்கினு இருக்கீங்க’ன்னு.”

காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்தான்.

“அப்பதான் அந்தப் படிவம் வந்துது. தற்போதைய பதவி இன்னா, எந்த நாடு, எத்தினி ஆராய்ச்சிக் கட்டுரை, இன்னா விருது. ஒவ்வொரு கட்டமா பாத்தேன். ஒண்ணுலயும் எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல. எதிர்ல மேசைமேல ஒருத்தரு படுத்துக்கினு இருந்தாரு. அவருக்கும் எழுத ஒண்ணும் இல்ல. கோவத்துல காலமானார்னு எழுதி அனுப்பிச்சிட்டேன்.”

“நீயேவா?”

“நானேதான். மறுநாளே தப்புன்னு பட்டுச்சு. யாராவது பதறிக்கினு எழுதுவாங்க, இல்ல நேர்ல வருவாங்க, மன்னிப்பு கேட்டுக்கலாம்னு இருந்தேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன்.” டம்ளரைக் கீழே வைத்தான். “ஒரு அனுதாபக் கடுதாசி கூட வரல.”

அக்கா முற்றத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தம்பி சொன்னதை அவர் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அதன்பின் அவனை மலைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்து அனுப்பினார்கள். தடுப்பூசியும் மாத்திரையும் கொடுக்க வேண்டிய இடம் இது. அறுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. “சொல்லலதான். ஆனா வேணாம்னும் யாரும் இங்க வந்து சொல்லல” என்று சிரித்தான்.

அவனைக் ‘கோட்டா’ என்று கூப்பிட்டபோது நான் சிரித்ததைச் சொன்னேன். நானும் ஒதுக்கிய இடத்தில் வந்தவள்தான் என்பதையும் சொன்னேன்.

“அது எனக்கு மொதல்லயே தெரியுமே” என்றான்.

“தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“சொன்னா உன்னயும் அப்படிக் கூப்புட ஆரம்பிச்சிருப்பானுங்க.”

நான் அவன் டம்ளரையும் என்னுடையதையும் கழுவி வைத்தேன்.

பிறகு அவன் கேட்டான். “கை ஏன் அப்படி நடுங்குச்சு? கடைசியா எப்ப அறுத்த?”

மறைக்க முடியவில்லை. ஈப்போ மருத்துவமனையில் நான் துணை இயக்குநர். குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி, இரண்டு எழுத்தர்கள். விடுப்பு மனுக்களில் கையெழுத்துப் போடுகிறேன். கட்டில்கள் வாங்குகிறேன். “ஆறு வருஷம் ஆச்சு” என்றேன்.

அவன் முகம் மாறியது. தன் நாலு வருஷத்தைச் சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை.

“ஆறு வருஷமா? யாரு உன்ன தடுத்தாங்க?”

“யாரும் தடுக்கல.”

அவன் எழுந்து சின்னானைப் பார்க்கப் போனான்.

சாலை திறக்கவில்லை. அக்காவும் நானும் மூன்று நாள் மலையிலேயே தங்கினோம். காலையில் பனி வாசல்வரை வந்து நிற்கும். ரோசி எனக்குத் தன் கம்பளியைக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை சின்னானின் மனைவி முற்றத்தில் ஓடிவந்து, “டாக்டரே, காத்துப் பிரிஞ்சிருச்சு!” என்று கத்தினார். குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். இந்தச் செய்திக்கு இப்படி ஒரு வரவேற்பை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அன்று மாயவன் கீழே போகவேண்டி வந்தது. தடுப்பூசி மருந்து மலையில் தீர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று நடந்தே இறங்கினான். அவன் போய் இரண்டு மணி நேரம் இருக்கும். நான்கு ஆண்கள் ஒரு மூங்கிலில் போர்வையைத் தூளி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். பெயர் காளியம்மாள். இருபத்தைந்து வயது. காலையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். கண்ணிமையின் உட்புறம் காகிதம்போல வெளுத்திருந்தது. நாடி விரலில் தட்டுப்படுவதே கஷ்டமாக இருந்தது. இரண்டு மாதம் முழுகவில்லை என்றார்கள். வயிறு இறுகியிருந்தது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது.

“டாக்டரக் கூப்புட ஆள் அனுப்புங்க” என்றேன் ரோசியிடம்.

“அவரு அடிவாரம் போயிருப்பாரும்மா. திரும்பி ஏற மூணு மணி நேரம் ஆவும்.”

மூன்று மணி நேரம் அவளுக்கு இல்லை. அரை மணி நேரம் இருந்தால் அதிசயம். நான் தாழ்வாரத்தில் நின்றேன். கீழே போகும் பாதையையே பார்த்தேன். ஆறு வருஷம் என்ற சொல் தலைக்குள் சுற்றியது.

அஞ்சலையக்கா என் முன்னால் வந்து நின்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

“நீங்களும் அவன் படிச்ச அதே படிப்புத்தானம்மா படிச்சீங்க?”

செருப்பைக் கழற்றினேன்.

ரோசி மயக்க ஊசி போட்டார். தொப்புளுக்குக் கீழே நேராகக் கீறினேன். உள்ளே திறந்ததும் ரத்தம் பொங்கிவந்து மேசை விளிம்பில் வழிந்தது. கையை உள்ளே விட்டுக் கர்ப்பப்பையைத் தேடி, அதன் பக்கத்தில் வெடித்திருந்த குழாயை விரல்களுக்கு நடுவில் பிடித்தேன். விரல்களுக்குள் அது துடித்தது. கிடுக்கி கேட்டேன். போட்டேன். பொங்குவது நின்றது.

“ரத்தம் வேணும் சிஸ்டர். இவளுக்கு உடம்புல ரத்தமே இல்ல.”

ரோசி கொதித்த குண்டானிலிருந்து ஒரு எவர்சில்வர் குழம்புக் கரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் திகைத்தேன்.

“டாக்டரு இப்படித்தான் செய்வாரும்மா. வயித்துல இருக்கறத மொண்டு குடுங்க. அவ ரத்தம்தானே? எட்டு மடிப்புத் துணியில வடிகட்டி, உறையாம இருக்க மருந்து சேத்து அவளுக்கே ஏத்திடுவோம். போன வருஷம் ரெண்டு பேரு இப்படிப் பொழைச்சிருக்காங்க.”

பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் இதை எப்போதோ படித்திருக்கிறேன். போர்க்காலத்தில் செய்தார்கள் என்று எழுதியிருக்கும். கரண்டியை வாங்கினேன். ஒரு பெண்ணின் வயிற்றுக்குள்ளிருந்து அவளுடைய ரத்தத்தை மொண்டு மொண்டு பாத்திரத்தில் ஊற்றினேன். ரோசி வடிகட்டினார். அக்கா, செருப்பில்லாமல், புட்டியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். சிவப்பு மெல்ல மெல்லக் குழாய் வழியாகக் காளியம்மாளின் கைக்குள் இறங்கியது.

வெடித்த குழாயை எடுத்து, கட்டி, தைத்தேன். எப்போது என்று தெரியவில்லை, என் கை நடுங்குவதை நிறுத்தியிருந்தது. கடைசித் தையல் போடும்போது ரோசி சொன்னார்: “நாடி நல்லா வருதும்மா.” காளியம்மாளின் உதட்டைப் பார்த்தேன். லேசாக நிறம் திரும்பியிருந்தது. நான் அப்படியே மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்தபோது மாயவன் வந்தான். வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓடிவந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக உள்ளே போனான். நாடி பார்த்தான். கண்ணைப் பார்த்தான். வயிற்றுக் கட்டைப் பிரித்து வெகுநேரம் குனிந்து பார்த்தான். காளியம்மாள் கண் விழித்து, தண்ணீர் வேண்டும் என்று முனகினாள்.

பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள்போல நான் வாசலில் நின்றேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாயவன் கட்டைத் திரும்பப் போட்டு நிமிர்ந்தான்.

“கீழ் மூணு தையலும் கொஞ்சம் இறுக்கிட்ட, லெட்சுமி” என்றான். “மத்ததெல்லாம் சரியா இருக்குது.”